ஜாம்: கரும்பு போன வழியில் ஒரு வரலாறு

ஒரு கிலோ பழுத்த கொய்யாவை வாங்கி வீட்டில் வைத்தால் மூன்றாம் நாளே வாசனை மாறிவிடும். அதே கொய்யாவைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தால் ஒரு வருடம் வரும். ஜாம் பிறந்த காரணம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பிரெட்டில் தடவ ருசியாக ஏதாவது வேண்டும் என்று யாரும் ஜாமைத் தேடிப் போகவில்லை. பழம் ஒரே பருவத்தில் குவிந்துவிடும், அடுத்த பருவம்வரை கையில் ஒன்றும் இருக்காது. அந்தக் கவலைதான் இதன் ஆரம்பம்.

ஆனால் பழம் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வகையில் இருந்தது. இனிப்பு அப்படி இல்லை. தேன் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். கரும்பு வெப்பமான நாடுகளில் மட்டுமே விளையும். ஜாம் எந்த நாட்டில், எந்த நூற்றாண்டில், யார் வீட்டு மேசைக்கு வந்தது என்பதைப் பழம் தீர்மானிக்கவில்லை. சர்க்கரையின் விலைதான் தீர்மானித்தது. அதனால் ஜாமின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் பாதிக்கு மேல் கரும்பின் கதையாகவே இருக்கும்.

ஜாம் ஏன் கெடுவதில்லை?

வரலாற்றுக்கு முன்னால் கொஞ்சம் அறிவியல். இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

பழத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். பூஞ்சையும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வளர அந்தத் தண்ணீர் வேண்டும். பழச்சாறில் நிறையச் சர்க்கரை கரைந்தால், அது தண்ணீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே இருந்தாலும் நுண்ணுயிர்களுக்கு எட்டாது. போதாததற்கு, அவற்றின் உடலில் உள்ள நீரும் வெளியே இழுக்கப்படும். ஊறுகாயில் உப்பு செய்யும் அதே வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. அடுப்பில் காய்ச்சும்போது உபரித் தண்ணீர் ஆவியாகி, ஏற்கெனவே இருக்கும் கிருமிகளும் சாகின்றன. கடைசியில் கரைந்த பொருட்களின் அளவு, அதாவது பெரும்பாலும் சர்க்கரையின் அளவு, மொத்த எடையில் 65 சதவீதத்தைத் தொட்டால் ஜாம் நிற்கும்.

பழனிப் பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். அதில் அடுப்பே கிடையாது. மலைவாழைப் பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதம் கெடாமல் இருப்பதும் இதே கணக்கில்தான். அதை ஜாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். ஆனால் பழத்தை இனிப்பால் காப்பது என்ற அறிவு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நம் பக்கத்தில் இல்லை.

கெடாமல் இருப்பது ஒரு பாதி. ஜாம் இறுகி நிற்பது இன்னொரு பாதி. அதற்குக் காரணம் பெக்டின். செடிகளின் செல் சுவரில் இருக்கும் நீண்ட சங்கிலி போன்ற ஒரு நார்ப்பொருள் இது. சாதாரணமாக இந்தச் சங்கிலிகள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் தனித்தனியே மிதக்கும். புளிப்பு, அதாவது அமிலம், அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. சர்க்கரை சங்கிலிகளைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பறித்துக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, சாறை நடுவில் பிடித்து நிறுத்துகின்றன. பெக்டின் ஒரு சதவீதம் அளவுக்கும், புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு ஏறக்குறைய 3 என்ற நிலையிலும் இருந்தால் ஜாம் அழகாக உறையும். பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாகாகவே நிற்கும்.

எல்லாப் பழத்திலும் பெக்டின் ஒரே அளவில் இல்லை. கொய்யா, ஆப்பிள், விளாம்பழம், எலுமிச்சை ஆரஞ்சு வகைகளின் தோலும் விதையும், இவற்றில் அதிகம். இலங்கையில் விளாம்பழ ஜாம் அவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு ருசி ஒரு காரணம் என்றால், அந்தப் பழம் தானாகவே இறுகும் என்பது இன்னொன்று. ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, நன்றாகப் பழுத்த மாம்பழம் ஆகியவற்றில் குறைவு. அதனால்தான் அவற்றோடு எலுமிச்சைச் சாறோ ஆப்பிளோ சேர்க்கிறார்கள். காயாக இருக்கும்போது பெக்டின் வலுவாக இருக்கும், பழுக்கப் பழுக்க உடைந்துபோகும். ஜாமுக்குக் கனிந்து குழைந்த பழத்தைவிடச் சற்று முன்பதமான பழம் நல்லது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்ப்பார்கள். ஓடாமல், விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 104 அல்லது 105 டிகிரி செல்சியஸ். இது கடற்கரை ஊர்களுக்கான கணக்கு. குன்னூர் போன்ற உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 94 டிகிரியில் கொதித்துவிடும், அங்கே 105 வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் மிட்டாயாகிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட நாலரை டிகிரி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கேயும் பொருந்தும்.

தேன் காலம்

பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஜாமுக்கு முன்னோடியான ஒன்றைச் செய்தார்கள். அவர்களுடைய பழம் குயின்ஸ். மஞ்சள் நிறத்தில் பேரிக்காய் போலத் தோன்றும். பச்சையாகக் கடிக்க முடியாது, அவ்வளவு கடினம், அவ்வளவு துவர்ப்பு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ், விதை நீக்கிய குயின்ஸைத் தேனுக்குள் நெருக்கமாக அடுக்கி வைத்தால் ஒரு வருடத்தில் மெத்தென்று ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறார். அபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் குறிப்புத் தொகுப்பில், காம்பும் இலையுமாகப் பறித்த குயின்ஸைத் தேனிலும் காய்ச்சிச் சுண்டவைத்த திராட்சைச் சாற்றிலும் மூழ்கவைக்கும் முறை இருக்கிறது. நம்முடைய தேன் நெல்லிக்காய் அதற்கு நெருங்கிய உறவு.

குயின்ஸில் பெக்டின் மிக அதிகம். சமைத்து மசித்துக் காய்ச்சினால் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகும். பெக்டின் என்ற பொருளுக்கு அந்தப் பெயர் வந்தது 1825இல், ஹென்றி பிராகொன்னோ என்ற பிரெஞ்சு வேதியியலாளரால். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சமையல்காரர்கள் கைப்பழக்கத்தால் அதைக் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் தேனை நம்பிய வேலை பெரிதாக வளர முடியவில்லை. தேனீக்கள் தருவதற்கு ஓர் அளவு உண்டு.

கரும்பு மேற்கே போகிறது

கரும்பின் தாயகம் நியூ கினி. அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஒரு சங்கப் பாடல் புகழ்கிறது. வேறெங்கோ இருந்து வந்த பயிர் என்ற நினைவு அப்போதே இங்கே இருந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருக்கும். கரும்புச் சாறைக் காய்ச்சி வெறும் பாகாக விடாமல், படிகமாக, உலர்ந்த சர்க்கரையாக மாற்றும் நுட்பம் குப்தர் காலத்தை ஒட்டி இந்தியாவில் வளர்ந்தது. இது சின்ன விஷயம் இல்லை. சாறு இரண்டு நாளில் புளிக்கும். படிகத்தை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றலாம். 647இல் சீனப் பேரரசர் தாய்சோங் சர்க்கரை செய்யும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்குத் தூதர்களையே அனுப்பினார்.

மேற்குப் பக்கம் பாரசீகமும், அதன்பின் அரபு உலகமும் இந்த நுட்பத்தை எடுத்துக்கொண்டன. எகிப்து, சைப்ரஸ், சிசிலி, ஸ்பெயின் என்று கரும்பு நடப்பட்டது. பழங்களையும் இஞ்சியையும் சர்க்கரைப் பாகில் ஊறவைக்கும் முறப்பா வகைகள் இந்த உலகில் செழித்தன. ஜாமின் நேரடித் தாய் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சிலுவைப் போர்களுக்குப் போன ஐரோப்பியர்கள் சர்க்கரையோடு திரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் சர்க்கரை மளிகைச் சாமான் கிடையாது. மிளகு, கிராம்பு, லவங்கப்பட்டையோடு சேர்த்து மருந்துக் கடையில் எடைபோட்டு விற்ற பொருள். பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சியதும் மருந்தாகவே எண்ணப்பட்டது, சாப்பாட்டுக்குப் பிறகு செரிமானத்துக்காகக் கொஞ்சம். நமக்கு இது புதிதில்லை. நெல்லிக்காயைச் சர்க்கரை, தேன், நெய்யோடு கிளறும் சியவனப்பிராசம் சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது. லேகியத்துக்கும் ஜாமுக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவு மெல்லியது. எதிர்காலத்தைச் சொன்னவராக நாம் அறிந்த நாஸ்ட்ரடாமஸ் தொழிலால் மருத்துவர். 1555இல் அவர் வெளியிட்ட புத்தகம் ஒன்றின் ஒரு பகுதி அழகுப் பூச்சுகள் பற்றியது, இன்னொரு பகுதி பழங்களைச் சர்க்கரையிலும் தேனிலும் காப்பது பற்றியது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயிலிருந்து மாலுமிகளை ஜாம் காத்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சில நாட்களிலேயே எழுந்துவிட்டார்கள். ஆனால் பிறகு அவரே பரிந்துரைத்த, சாறைச் சுண்டக் காய்ச்சிய குழம்பு அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடுகிறது. ஜாமில் பழத்தின் ருசி தங்கும், அதன் மருத்துவ குணம் முழுதும் தங்காது.

பெட்டியில் வந்த பரிசு

போர்ச்சுகீசியர்கள் குயின்ஸை மர்மெலோ என்பார்கள், அதைச் சர்க்கரையில் கிளறிய கெட்டி இனிப்பு மர்மெலாடா. மரப் பெட்டிகளில் அடைத்து வடக்கே ஏற்றுமதி செய்தார்கள். 1524இல் எக்ஸிடர் நகரத்தைச் சேர்ந்த ஹல் என்பவர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு ஒரு பெட்டி கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு மன்னனுக்குக் கொடுக்கத் தகுந்த பொருள்! சர்க்கரையின் விலை அப்படி.

அப்புறம் குயின்ஸின் இடத்துக்கு செவில் ஆரஞ்சு வந்தது. புளிப்பும் கசப்பும் கொண்ட பழம், ஆனால் அதன் விதையிலும் வெள்ளைத் தோலிலும் பெக்டின் நிறைய. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் புயலில் ஒதுங்கிய ஸ்பானியக் கப்பலிலிருந்து மலிவாக வாங்கிய கசப்பு ஆரஞ்சை வைத்து ஜேனட் கெய்லர் மார்மலேடை, அதாவது ஆரஞ்சு ஜாமை, கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இனிமையான கதை, ஆனால் உண்மை இல்லை. இங்கிலாந்தில் எலைசா சோல்மாண்ட்லி என்ற பெண்மணியின் கைப்பிரதியில் ஆரஞ்சு மார்மலேடுக்கான குறிப்பு 1677இலேயே இருக்கிறது. கெய்லர் குடும்பம் 1797இல் செய்தது வேறு: தோலைச் சீவல்களாகப் போட்டு, வியாபாரமாக நடத்தியது. கத்தியால் வெட்டிய விருந்துப் பண்டம் கரண்டியால் எடுத்துக் காலை உணவோடு சாப்பிடும் பொருளாக மாறியதில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சர்க்கரைக்கு யார் விலை கொடுத்தார்கள்?

ஜாமின் வரலாறு என்று எழுதப்படும் பல கட்டுரைகள் மன்னர் மேசையிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குத் தாவிவிடும். நடுவில் 300 வருடங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் சர்க்கரை ஏன் மலிவானது என்பதே புரியாது.

போர்ச்சுகீசியர்கள் 15ஆம் நூற்றாண்டில் மடீரா தீவில் கரும்பு போட்டார்கள். கொலம்பஸ் 1493இல் தன் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குக் கரும்பைக் கொண்டுபோனார். 16ஆம் நூற்றாண்டில் பிரேசில், 1640களில் இருந்து பார்படோஸ், பிறகு ஜமைக்கா, இன்றைய ஹெய்ட்டி. இந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். கடலிலேயே இறந்தவர்கள் போக, கரை சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் போனது கரும்பு விளைந்த நாடுகளுக்குத்தான்.

வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு கெடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பை உருளைக்குள் தள்ளுகிறவரின் விரல் மாட்டினால் கை முழுதும் உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் கையை வெட்டி ஆளை மீட்பதற்காக ஆலைக்குப் பக்கத்திலேயே கோடரி வைத்திருந்தார்கள். கொதிக்கும் பாகு கொப்பரைகளின் முன்னால் நின்றவர்களின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஒருவர் ஒரு வருடத்தில் சாப்பிட்ட சர்க்கரை 1700இல் சுமார் 2 கிலோ, 1800இல் சுமார் 8 கிலோ. இந்த ஏற்றத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கோடரிதான்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1791இல் பிரிட்டனில் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியது. வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்ட பெண்கள் இதில் முன்னால் நின்றார்கள். இந்தியாவிலிருந்து வந்த சர்க்கரையை, 'அடிமைகளால் செய்யப்படாதது' என்று எழுதிய கிண்ணங்களில் மேசையில் வைத்தார்கள். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது, 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. அதற்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். மொரிஷியஸ், கயானா, நேட்டால், ஃபிஜி. சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இன்றைய தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது, கரும்புக் காட்டில்.

இதே காலத்தில் ஐரோப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சர்க்கரை கிடைத்தது. 1747இல் ஆண்ட்ரியாஸ் மார்கிராஃப் பீட்ரூட் வகைக் கிழங்கிலும் கரும்பில் உள்ள அதே சர்க்கரை இருப்பதைக் காட்டினார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1801இல் முதல் ஆலையைத் தொடங்கினார். பிரிட்டிஷ் கப்பற்படை கடலை மறித்தபோது நெப்போலியன் பீட் சாகுபடிக்கு ஊக்கம் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சர்க்கரையில் பாதிக்கு மேல் பீட்டிலிருந்து வந்தது. குளிர் நாட்டு வயலில் சர்க்கரை விளையத் தொடங்கியதும் விலை சரிந்தது.

ஏழையின் வெண்ணெய்

பிரிட்டன் 1874இல் சர்க்கரை மீதான இறக்குமதி வரியை முழுவதும் நீக்கியது. ஜாம் தொழிற்சாலைகள் முளைத்த வருடங்களைப் பாருங்கள். கோல்ன் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த வில்லியம் ஹார்ட்லி, ஜாம் தருவதாக ஒப்புக்கொண்டவர் கைவிட்டதால் 1871இல் தானே காய்ச்சத் தொடங்கினார். கேம்பிரிட்ஜுக்கு அருகே பழத்தோட்டம் வைத்திருந்த சிவர்ஸ் குடும்பம், தங்களிடம் மொத்தமாகப் பழம் வாங்குகிறவர்கள் ஜாம் செய்கிறவர்கள்தான் என்று கண்டுகொண்டு 1873இல் அந்த வேலையில் இறங்கியது. டிப்ட்ரீ ஊரில் வில்கின் 1885இல்.

பாட்டில் பக்கமும் முன்னேற்றம் வந்திருந்தது. பிரெஞ்சுக்காரர் நிக்கோலாஸ் அப்பேர் உணவைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறைக்காக 1810இல் 12,000 ஃபிராங்க் பரிசு பெற்றார். 1858இல் அமெரிக்காவில் ஜான் மேசன் திருகு மூடி போட்ட ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பிராந்தியில் நனைத்த காகிதத்தாலும் மெழுகாலும் வாயை மூடி, பூஞ்சை வராமல் இருக்க வேண்டிக்கொள்வதே வழி.

மலிவான ஜாமை வாங்கியவர்கள் யார்? ஆலைத் தொழிலாளர்கள். கணவனும் மனைவியும் விடிகாலையில் வேலைக்குப் போகும் வீட்டில் அடுப்பு மூட்ட நேரம் கிடையாது. வெண்ணெய் விலை அதிகம், சீக்கிரம் கெட்டுப்போகும். ஜாம் விலை குறைவு, கெடாது, சூடாக்க வேண்டாம், ஒரு ரொட்டித் துண்டோடு குழந்தை பசியாறிவிடும். மன்னனுக்குப் பரிசாகப் போன பண்டம் 350 வருடத்தில் ஏழைக் குழந்தையின் இரவுச் சாப்பாடானது. சத்தான சாப்பாடு அது இல்லைதான். ஆனால் வயிற்றில் சூடு தந்தது.

அந்த ஜாமைக் காய்ச்சிய கைகளும் ஏழைகளுடையவை, பெரும்பாலும் பெண்களுடையவை. 1911 ஆகஸ்ட்டில், கடும் வெயிலில், தெற்கு லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் ஜாம், பிஸ்கட், மிட்டாய்த் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்கள் ஏறக்குறைய 14,000 பேர் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மேரி மக்ஆர்தர் என்ற தொழிற்சங்கத் தலைவர் அவர்களை ஒருங்கிணைத்தார். பிங்க் என்ற முதலாளியின் ஜாம் தொழிற்சாலைப் பெண்கள் தாங்கள் வெள்ளை அடிமைகள் இல்லை, பிங்கின் அடிமைகள் என்று எழுதிய பதாகையைப் பிடித்து நடந்தார்கள். அவர்களுடைய வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 11 ஆனது. இரண்டு ஷில்லிங் என்றால் கேட்கச் சிறியதாக இருக்கும், அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான உயர்வு. ஜாமின் வரலாற்றில் ஹார்ட்லிக்கும் கெய்லருக்கும் இருக்கும் இடம் இந்தப் பெண்களுக்கும் வேண்டும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு டின் டின்னாகப் பிளம்-ஆப்பிள் ஜாம் போனது. சலிக்கச் சலிக்க அதையே தின்றார்கள். காலி டின்களில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்துக் கையெறி குண்டாகவும் பயன்படுத்தினார்கள், துருக்கியின் கலிப்போலி போர்முனையில் இது வழக்கமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை 1940 ஜனவரியிலிருந்து ரேஷனுக்கு வந்தது. மரத்தில் பழம் வீணாகக் கூடாது என்று அரசு கிராமப்புறப் பெண்கள் சங்கங்களுக்குத் தனியாகச் சர்க்கரை ஒதுக்கியது. 1940 முதல் 1945 வரை அவர்கள் பதப்படுத்திய பழம் 5,300 டன்னுக்கும் மேல். சர்க்கரை ரேஷன் முடிந்தது 1953இல்.

இந்தியாவுக்குத் திரும்பிய சர்க்கரைப் பழம்

இங்கிருந்து புறப்பட்ட சர்க்கரை நுட்பம் ஜாமாக உருமாறி இரண்டு வழிகளில் திரும்பி வந்தது. முதல் வழி போர்ச்சுகீசியர். கோவாவில் குயின்ஸ் கிடையாது. அதே போர்ச்சுகீசியர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொய்யா இருந்தது, பெக்டின் நிறைந்த பழம். மர்மெலாடா செய்த கை கொய்யாவைக் கிளறியது. இன்றும் கோவா, மங்களூர் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் வில்லை வில்லையாக வெட்டிய சிவப்புக் கொய்யா இனிப்பு இருக்கும். எட்டாம் ஹென்றிக்குப் போன பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அதை ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் வழி பிரிட்டிஷார். முதலில் டின்னில் கப்பலேறி வந்தது, பின்பு இங்கேயே செய்தார்கள். 1920இல் குன்னூரில் பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நீலகிரியின் பிளம், பேரிக்காய், பீச் போன்ற குளிர்ப் பிரதேசப் பழங்கள் அங்கே வளர்க்கப்பட்டன. குன்னூரில் அரசின் பழம் பதப்படுத்தும் நிலையத்தில் செய்யும் ஜாமைச் சுற்றுலாப் போகிறவர்கள் வாங்கிவருவது நம் ஊர் வழக்கம். சுதந்திரத்துக்குப் பின் 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1955இல் பழப் பொருட்களுக்கான அரசு ஆணை, ஜாமில் எவ்வளவு பழம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்றைய விதிப்படி பெரும்பாலான ஜாம்களில் குறைந்தது 45 சதவீதம் பழம், கரைந்த பொருட்கள் 65 சதவீதம். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். பழம் என்பது பாத்திரத்தில் போட்ட எடை, அதிலுள்ள தண்ணீரில் ஒரு பகுதி நீராவியாகப் போய்விடுகிறது.

கடை ஜாம் பாட்டிலை அடுத்த முறை எடுக்கும்போது பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். 'மிக்ஸட் ஃப்ரூட்' என்றால் பெரும்பாலும் வாழை, பப்பாளி, ஆப்பிள், அன்னாசி போன்ற மலிவான பழங்களின் கூழ். அதில் தவறு ஒன்றும் இல்லை, அவை நல்ல பழங்கள்தான். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான எண். 440 என்றால் பெக்டின், ஆப்பிள் சக்கையிலிருந்தோ ஆரஞ்சு எலுமிச்சைத் தோலிலிருந்தோ எடுத்தது. 330 என்றால் சிட்ரிக் அமிலம், எலுமிச்சைப் புளிப்பு. 202 அல்லது 211 என்றால் பூஞ்சையைத் தடுக்கும் ரசாயனம். சர்க்கரையே காவலுக்கு இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டால், திறந்த பாட்டிலில் ஈரக் கரண்டி போடும் நம் பழக்கத்துக்காக. மேற்பரப்பில் ஒரு துளி தண்ணீர் சேர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் சர்க்கரையின் அடர்த்தி குறையும், பூஞ்சைக்கு அது போதும்.

இப்போது சர்க்கரை குறைந்த ஜாம்களும் வருகின்றன. வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் தேடி வாங்குகிறார்கள். சர்க்கரை இல்லாமல் எப்படி இறுகுகிறது? அதில் இருப்பது வேறு வகைப் பெக்டின். மின்னூட்டம் அதிகமுள்ள அதன் சங்கிலிகளைச் சர்க்கரைக்குப் பதில் கால்சியம் பிணைக்கிறது. உருவம், பளபளப்பு எல்லாம் ஜாம் போலவே இருக்கும். 65 சதவீத விதிக்குள் வராததால் பெரும்பாலும் 'ஃப்ரூட் ஸ்ப்ரெட்' என்ற பெயரில் விற்கிறார்கள். ஆனால் கெடாமல் காப்பது சர்க்கரையின் வேலை, அந்த வேலையைக் கால்சியம் செய்யாது. அதனால் அந்த வகைப் பாட்டிலைத் திறந்த பிறகு அலமாரியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, சீட்டில் போட்டிருக்கும் நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.